மேட்ச் அன்று பெண் பார்க்க வந்தவர்கள்

கொழும்பு வீதி,
கண்டி.
1997 ஆவணி

அன்பு மகள் சீதாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் மூன்று பேரும் கட்டுக்கலைப் பிள்ளையார் தயவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நேரத்துக்குச் சண்டையும் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், மெல்பேர்னில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அதே போலச் சுகமாக இருக்கவேண்டும் என்று இன்று காலையில் அவருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய், சின்னவனைக் காதை மூடித்தான் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும், மாப்பிள்ளைக்கு வெண்ணெயைக் குறைத்து வை, அவர் கெஞ்சினாலும் நீ இளகிவிடாதே. இங்கே பெரஹரா ஊர்வலங்கள் முடிந்து யானைகள் எல்லாம் போய்விட்டன, ரோடு இப்போதுதான் ரோடாக இருக்கிறது, கடையில் சேலை வியாபாரம் பரவாயில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் கூடவே வந்துவிடுகிறது. போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் கோவிலில் இருந்தேன், அப்பாதான் பேசினார், என்ன பேசினார் என்று யசோதா சொல்லித் தெரிந்துகொண்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் உன் அம்மா மேட்ச் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்றாராம். நீயும் அங்கே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கையை எடு. நடந்தது என்ன என்று முதலில் இருந்து நான் எழுதுகிறேன், அப்பா பாதி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர், அவருக்கு என்ன தெரியும்.

உன் தங்கச்சி யசோதாவுக்கு இது மூன்றாவது இடம் என்பது உனக்குத் தெரியும். முதலில் நாவலப்பிட்டியில் இருந்து வந்தவர்கள் எங்கள் கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெண் அதிகம் பேசுகிறாள், உத்தியோகம் பார்க்கிற திமிர் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அடுத்ததாக பதுளையில் இருந்து வந்தவர்களிடம் இவள் வாயே திறக்கவில்லை, அவர்கள் பெண்ணுக்குப் பேச்சு வராதோ என்று சந்தேகப்பட்டார்கள். பேராதனை ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க இரத்தம் பரிசோதிக்கிறவள், அவள் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் டொக்டர்மார் அதை நம்பி மருந்து கொடுக்கிறார்கள், அப்படிப்பட்டவள் ஒரு தேத்தண்ணித் தட்டோடு யார் யாருக்கோ முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பதுளைக்காரர்கள் போன அன்று அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவதான் நிப்பேன், அதுவும் இப்பிடிப் போனா இனி யார் முன்னாலயும் என்னை நிக்கச் சொல்லாதீங்க என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உன்னைப் போல் இல்லை, அவள் என்னைப் போல். ஆகவே மாத்தளையில் இருந்து இந்த இடம் வந்தபோது நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பையன் தயாளன் வங்கியில் இருக்கிறான், அப்பா இல்லை, அம்மா ரத்தினம்மா, எல்லாம் முன்னின்று நடத்துகிறவர் அந்த அம்மாவின் தம்பி கணபதி என்று ஒரு மாமா. நல்ல இடம், தவறினால் எங்கள் பிள்ளையின் கல்யாணப் பேச்சே அதோடு முடிந்தது, அவ்வளவுதான் விஷயம்.

இனி மேட்ச் கதைக்கு வருகிறேன். போன வருஷம் உலகக் கோப்பை இந்த நாட்டுக்கு வந்ததை அங்கே பேப்பரில் பார்த்திருப்பாய், உங்கள் ஊர்க்காரர்களைத்தானே தோற்கடித்தோம், மாப்பிள்ளை அன்று சாப்பிடவில்லை என்று நீதான் எழுதினாய். அது வந்த பிறகு இந்த ஊர் என்ன ஆகிவிட்டது என்று அங்கே பேப்பரில் போட்டிருக்க மாட்டார்கள். மேட்ச் நாளில் மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவன் கூடக் கத்தியை வைத்துவிட்டு ரேடியோவைப் பார்க்கிறான். ஒரு நாள் யசோதா பேராதனையில் இருந்து வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, ஐடென்டிட்டி கார்ட் பார்த்திருக்கிறார்கள், நம் பெயரைக் கண்டதும் தனியாக நிற்கச் சொல்வார்களே, அப்படி இவளையும் நிறுத்திவிட்டு ஆமிக்காரப் பொடியன் இவள் காதில் இருந்த ரேடியோ வயரைப் பார்த்து, ஸ்கோர் எக்க கீயத, அதுதான் ஸ்கோர் எவ்வளவு என்று கேட்டானாம். இவள் சொல்லியிருக்கிறாள். அவன் அந்தப் பக்கம் திரும்பி மற்றவனுக்குக் கத்திச் சொல்லிவிட்டு வேறு கேள்வி கேட்காமலே கார்டைத் திருப்பிக் கொடுத்தானாம். அன்றைக்கு ஒரு மேட்ச் அவ்வளவு வேலை செய்தது, மறுநாள் பழையபடி நிறுத்தினார்கள் என்பது வேறு கதை. அஸ்கிரிய மைதானத்தில் ஆட்டம் நடந்தால் நம் மொட்டைமாடிக்கே சத்தம் வரும், ஒரு தடவை நானும் பக்கத்துப் பாத்திரக் கடை ஜெஸீமாவும் சோற்றுப் பார்சலும் குடையுமாக அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு இன்றைக்கும் சட்டம் முழுக்கத் தெரியாது, காலில் பட்டால் அவுட் என்கிறார்களே, அதை யசோதா விளக்கி விளக்கிச் சலித்துவிட்டாள். எனக்குப் பிடித்தது பார்க்கிற ஆட்கள்தான். கடையில் சேலை விரித்துப் போட்டால் வாங்குகிறவள் பிடித்ததை முகத்தில் காட்டமாட்டாள், விலை ஏறிவிடும் என்று பயம். மேட்ச் பார்க்கிற இடத்தில் எவருக்கும் அப்படி ஒளிக்க நேரமில்லை, பந்து மேலே போனால் உள்ளே இருப்பது அவ்வளவும் முகத்துக்கு வந்துவிடும்.

நம் வீட்டில் பெரிய டிவி வந்ததில் இருந்து அக்கம்பக்கம் எல்லாம் இங்கேதான், அதற்கு ஒரு சட்டமும் இருக்கிறது, அதை உனக்கு எழுதினேனா தெரியாது. நாங்கள் வென்ற நாளில் யார் எங்கே இருந்தார்களோ அங்கேதான் இருக்கவேண்டும், ஆட்டம் நன்றாகப் போகும்போது யாரும் எழும்பக்கூடாது, தாகம் வந்தாலும் கூடாது. அலுமாரிக்குப் பக்கத்துப் பிரம்புக் கதிரை ஜெஸீமாவின் புருஷன் றவூப் நானாவுக்கு. வாசலோரம் தபால் கந்தோரில் இருந்து பென்ஷனில் வந்த நம் சிங்கள அயலவர் பண்டார மாத்தயா. ஜெஸீமாவும் நானும் தரையில். உன் அப்பா எட்டிப் பார்த்த போதெல்லாம் நம் ஆள் ஒருவன் அவுட் ஆனதால் அவருக்கு இடம் மாடிப்படி, முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கவேண்டும், கேட்கலாம், பார்க்கக்கூடாது. பாவம்தான், ஆனால் நாடு முக்கியம் இல்லையா. இதையெல்லாம் பைத்தியம் என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களும் இங்கே வந்து உட்கார்ந்தால் அசையமாட்டார்கள்.

இப்போது உன் அப்பா செய்ததைக் கேள். ஆடி முடிந்து முதல் நல்ல ஞாயிறு என்று பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகு காலம் நாலரைக்கு, அதற்கு முன் வந்து பார்த்து, பிடித்திருந்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மாத்தளைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். திதி பார்த்தார், நட்சத்திரம் பார்த்தார், அன்றைக்குக் கொழும்பில் இலங்கையும் இந்தியாவும் விளையாடுகிறது என்பதைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அவர் தேதியை மாற்றுவார், மாற்றினால் அபசகுனம் என்று அந்தப் பக்கம் ஏதாவது சொல்லும், நடக்கிறபடி நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை அவருக்கே விஷயம் தெரிந்து பேயறைந்தவர் போல வந்தார். டிவியைப் போட்டால் நான் மனுசனாயிருக்க மாட்டேன் என்றார். பக்கத்து வீட்டாரிடம் போய், நாளைக்கு யாரும் வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். யசோதா பின்னிய லேஸ் துணியை டிவிக்கு மேல் போட்டு, அதன் மேல் ஒரு பூச்சாடியையும் வைத்தார், என்னவோ அதற்குள் பாம்பு இருக்கிற மாதிரி.

மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள் மூன்றரைக்குத்தான் வந்தார்கள். அக்குறணையில் வான் வண்டி நின்றுவிட்டது என்று கணபதி மாமா சொன்னார், பிறகுதான் தெரிந்தது, நின்றது வான் இல்லை, ஒரு கடை வாசலில் மேட்ச் கேட்க இறங்கினவர் அவரேதான். சோபாவில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா பேசினார், அப்பா ஆமாம் போட்டார், ரத்தினம்மா வாயில் கொழுக்கட்டையை வைத்தவர் போல இருந்தார், எது கேட்டாலும் தம்பி முகத்தைப் பார்ப்பார், தம்பிதான் பதில் சொல்வார். அந்தப் பையன் தயாளன் பூச்சாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். யசோதா தட்டோடு வந்தாள், நீ கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலை, நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை, இரத்தக் குழாயைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி நிற்கிறாள். மாமா வழக்கமான கேள்விகளைத் தொடங்கினார், சமையல் வருமா, தேவாரம் பாடத் தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுவாளா. கடைசிக் கேள்விக்கு அப்பா முந்திக்கொண்டு விட்டிருவா என்று சொல்லிவிட்டார். நான் யசோதாவைப் பார்த்தேன், அவள் தட்டை மாமாவைத் தாண்டிப் பையனிடம் நீட்டினாள். இதுவும் போய்விட்டது என்று என் மனம் சொல்லிவிட்டது சீதா.

அந்த நேரம் பார்த்து றவூப் நானா வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் வந்தது, சுவரே இடிந்துவிட்ட மாதிரி. தயாளன் அப்போதுதான் கோப்பையைக் கையில் எடுத்தான், பாதித் தேத்தண்ணி அவன் வெள்ளைச் சேட்டில். எல்லாரும் சேட்டைப் பார்க்க, உன் தங்கச்சி குனிந்த தலை நிமிராமல் மெதுவாக, நாலாவது விக்கெட் என்றாள். உள்ளே அறையில் கடைசி நிமிஷம் வரைக்கும் காதில் அந்த வயரோடு இருந்திருக்கிறாள், கள்ளி. அவன் சேட்டை மறந்துவிட்டு, ரன் அவுட்டா என்றான். சத்தத்தைப் பார்த்தா கேட்ச், ரன் அவுட்னா முதல்ல ஒரு அமைதி இருக்கும் என்றாள் இவள். அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். கணபதி மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, இந்தியாவுல நாலு பேர் போயிட்டாங்களா, யாரு போனது, ஒரு தடவ போட்டுத்தான் பாருங்களேன் என்று அவரே கேட்டுவிட்டார். நான் கேட்கவில்லை, வந்தவர்தான் கேட்டார், இதை நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், அப்பா போனில் இதைச் சொல்லியிருக்க மாட்டார். பூச்சாடியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு நான் துணியை உருவினேன்.

டிவி ஓடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டார் பொறுப்பார்களா, அங்கே அவர்கள் பழைய டிவிப் பெட்டியில் ஒருவன் ஓடினால் மூன்று பேர் ஓடுவார்கள். ஜெஸீமா விருந்தாளிகளுக்கு என்று ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள், தட்டைக் கேட்கும் சாக்கில் றவூப் நானா வந்தார், அவரைத் தேடும் சாக்கில் பண்டார மாத்தயா வந்தார். அப்பா எழும்பி மாடிப்படிக்குப் போனார், பழக்கம். அதற்குள் இந்தியாவின் இரண்டு பேர் நின்று அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் முகம் எல்லாம் தொங்கிப் போய்விட்டது, மாமா தொடையில் தட்டித் தட்டி ரசிக்கிறார். ரத்தினம்மாவுக்கு எங்கள் சோபா பள்ளமாக இருந்து இடுப்பைப் பிடித்திருக்கிறது, எழும்பிப் போய் அந்தப் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த அடுத்த பந்து, அடித்துக்கொண்டிருந்தவன் அவுட். கொஞ்ச நேரத்தில் மற்றவனும் அவுட். றவூப் நானா தன் இடம் போனதைப் பற்றிக் கவலைப்படாமல், அல்லாவே, அக்கா, அந்தக் கதிரையில இருந்து எழும்பிராதீங்க, அப்பிடியே இரிங்க என்று கையெடுத்துக் கெஞ்சினார். ரத்தினம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார், நான் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா சொல்கிற அந்தச் சண்டை. பிறகு வந்த இந்திய ஆட்டக்காரன் ஒருவன் ஒரு நாலு அடித்தான், மாமா கைதட்டினார், தட்டினது அவர் ஒருவர்தான். அவருக்கும் அது உறைத்தது போல, நம்ம பூர்வீகம் அங்கதானே, அவன் அடிச்சா நம்ம அடிச்ச மாதிரி, இங்க இருந்துக்கிட்டு இலங்கைக்குத் தட்டுறது எனக்குப் புரியல என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார், பண்டார மாத்தயா வாசலில் இருக்கிறார். படியில் இருந்து அப்பா எனக்குக் கையைக் கையைக் காட்டுகிறார், பேசாதே என்று. நான் பேசினேன். அண்ணே, உங்க கை, யாருக்கு வேணும்னாலும் தட்டுங்க, என் அப்பா துறையூர்ல பொறந்தாரு, நான் கண்டிப் பெரியாஸ்பத்திரியில பொறந்தேன், எண்பத்துமூணு கலவரத்துல எங்க கடைய எரிச்சதும் இந்த ஊர்க்காரங்கதான், அன்னைக்கு எங்களை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவச் சாத்தினதும் இந்த ஊர்க்காரங்கதான், யாரு என்ன செஞ்சாலும் என் ஊர் இது, நான் இதுக்குத்தான் தட்டுவேன் என்றேன். கதவைச் சாத்தினவர் பண்டார மாத்தயாதான் என்பது உனக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் உடைந்த தமிழில், நல்ல ஷொட் தானே மாத்தயா, யார் அடிச்சா என்ன, நானும் தட்டுறது என்று சொல்லி மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தை எங்கே காட்டுவது, அக்காவிடம் காட்டினார். அக்கா, நீங்க அந்தக் கதிரைய விட்டு எழும்பி இங்க வாங்க, உங்களாலதான் எல்லாம் போகுது என்றார்.

சீதா, அந்த அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வந்ததில் இருந்து தம்பி இருக்கச் சொன்னால் இருந்து, எழும்பச் சொன்னால் எழும்பினவர். பாதி எழும்பியும் விட்டார். பிறகு என்னைப் பார்த்து, நான் எழும்பினா என்ன ஆகும் என்று கேட்டார். நாங்க தோத்துருவோம் என்றேன், வேறு என்ன சொல்ல. அப்ப நான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து, காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். மாமா விடவில்லை, எழும்புங்க எழும்புங்க என்கிறார். அவர் தம்பியைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டே, அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருசத்துல என்னை இருக்கச் சொல்லி யாரும் கெஞ்சினதில்ல, இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போறேன் கணபதி என்றார். ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேட்சை இரண்டு பந்து நான் பார்க்கவேயில்லை.

கடைசி ஓவர்கள் வந்தன, கடைசி ஜோடி நிற்கிறது, அவர்களுக்கும் கொஞ்சம்தான் தேவை. படியில் இருந்து அப்பா நாலு இருபதாச்சு என்று கத்துகிறார், மாமா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ராகு காலத்துக்கு முன்னால பேசி முடிக்கணும், முடிக்கிறதா இல்ல கிளம்புறதா என்கிறார், தட்டு மாற்றப் பையனின் அம்மா எழும்பவேண்டும், அம்மா எழும்பமாட்டேன் என்கிறார். யசோதாவை யாரும் கவனிக்கவில்லை. அவள் தட்டை எப்போதோ வைத்துவிட்டு ஜெஸீமாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பின்னால் இருந்த தயாளனோடு சரிக்குச் சரி வாதாடிக்கொண்டிருந்தாள், கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது, ஆட்களை எங்கே நிறுத்துவது என்று. அவன் ஒன்று சொன்னால், பைத்தியமா உங்களுக்கு, அங்க ஆள் இல்லைன்னா நாலு போயிரும் என்கிறாள். பெண் பார்க்க வந்த பையனை எங்கள் வீட்டில் பைத்தியமா என்று கேட்டாயிற்று. அவன் சிரித்துவிட்டு, சரி, ஆள் போட்டாச்சு என்கிறான். நாலரை அடித்துக் கொஞ்சம் கழித்து நாங்கள் வென்றோம். றவூப் நானா பண்டார மாத்தயாவைத் தூக்கினார், வீதியில் பட்டாசு, ரத்தினம்மா அப்போதுதான் கதிரையை விட்டு எழும்பி இடுப்பை நிமிர்த்தினார், எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அவரே பந்து போட்ட மாதிரி.

ஆனால் ராகு காலம் வந்துவிட்டது. ஆறு மணி வரைக்கும் கல்யாணப் பேச்சுப் பேசக்கூடாது, மாமாவின் சட்டப்படி அந்த நேரம் வீட்டை விட்டு இறங்கவும் கூடாது, கோபித்துக்கொண்டு போக நினைத்தவர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஜெஸீமாவின் வட்டிலப்பம் முழுவதையும் சாப்பிட்டார். பேசக்கூடாது என்றதும் எல்லாருக்கும் பேச்சு வந்துவிட்டது. ரத்தினம்மா சமையலறைக்கே வந்து எனக்குத் தோசை ஊற்றினார். அந்த இரண்டு பேரும் பால்கனியில் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கதவு திறந்துதான் இருந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலைய விடுவீங்கன்னு அப்பா சொன்னது உண்மையா என்று அவன் கேட்டானாம். பொய், விடமாட்டேன் என்று இவள் சொன்னாளாம். அப்ப கண்டியிலயே வீடு பார்க்கணும், தினம் மாத்தளையில இருந்து பேராதனைக்கு வந்து போக முடியாதே என்றானாம் அவன். ஆறு மணி தாண்டியதும் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை எடுக்கப் போனார், ரத்தினம்மா முந்திக்கொண்டு யசோதாவிடமே போய், ஒனக்கு இஷ்டமாம்மா என்று கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். நான் சாமியை நினைத்துக்கொண்டு நிற்கிறேன், என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா, யோசிச்சுச் சொல்றேன், கொஞ்ச நாள் குடுங்க என்றாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பொண்ணு யோசிக்கிறதா, இது எந்த ஊர் வழக்கம் என்று மாமா எழும்பிவிட்டார். ரத்தினம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, யோசி, நல்லா யோசி, நான் யோசிக்காம வந்தவ என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார்.

மறுநாளே மாமா கடைக்குப் போன் எடுத்து, எங்களுக்குச் சரிவராது, வேறு இடம் பார்க்கிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அந்தச் சூட்டில்தான் நீ போன் எடுத்தபோது அப்பா உன்னிடம் அப்படிச் சொன்னது. என்னோடு பேச்சு இல்லை, சோறு போட்டால் சாப்பிடுவார், குழம்பு வேண்டுமா என்றால் சுவரைப் பார்ப்பார். யசோதாவிடம் மாமா சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள், நான் எதையும் கிளறவில்லை. ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கமில்லை என்பதை மட்டும் உன்னிடம் சொல்கிறேன், அப்பாவுக்கு அதைக் காட்டவில்லை.

நேற்று பின்னேரம் வேலை முடிந்து வந்தவள் மேலே வராமல் நேரே கடைக்குள் போயிருக்கிறாள். அப்பா ஒரு பெண்ணுக்கு பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டிருந்தாராம். இவள் மேசையில் இருந்த போனை எடுத்து, அப்பாவுக்கு முன்னாலேயே மாத்தளைக்குச் சுழற்றி, அம்மா, நான் கண்டியில இருந்து யசோதா பேசுறேன், யோசிச்சுட்டேன், எனக்குச் சம்மதம், ஆனா வேலைய விடமாட்டேன் என்று சொன்னாளாம். அப்பாவின் கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்து ரத்தினம்மா அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தம்பி சொன்னதைக் காதுல போட்டுக்காதீங்கண்ணே, அவன் எங்கிட்டக் கேக்காம எடுத்த போன், மகன் என்னோடவன், இத்தனை நாளா உங்க மகள் என்ன சொல்லுவாளோன்னு எங்க வீட்டுலதான் யாருக்கும் சோறு இறங்கல என்றாராம். அப்பா படியேறி வந்து என் முன்னால் நின்று அழுதார், இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான். பிறகு யசோதா கைகால் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் அடுப்படியில் உட்கார்ந்தாள். ஏன்டி இவ்வளவு நாள் எங்களைத் துடிக்க விட்டே என்று கேட்டேன். ரெண்டு தடவ என்னைப் பார்த்துட்டுப் போனாங்க, இந்தத் தடவ நானும் பார்த்தேன்மா, பார்த்ததை யோசிக்க வேணாமா என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் தை மாதத்தில் இருக்கும், நீ இப்போதே லீவுக்கு எழுதிக் கொடு, டிக்கட் கிடைக்கவில்லை, சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் என்ற கதையெல்லாம் என்னிடம் நடக்காது, அக்கா இல்லாமல் அவள் மணவறையில் ஏறமாட்டாள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், சின்னவனை என் பங்குக்கு நீ முத்தமிடு, நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ்ந்து எல்லாச் செல்வமும் பெற்றுச் சிறக்கப் பிள்ளையார் துணையிருப்பார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ போன் எடுப்பாய், அப்பாதான் எடுப்பார், போனுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறார், இந்த நல்ல செய்தியைத் தன் வாயால் உன்னிடம் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் தெரியாதவள் போல, முதல் தடவை கேட்பது போலக் கேள்.

இப்படிக்கு,
உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிக்கும் அம்மா,
அன்னலட்சுமி அழகமுத்து